துருப்பிடித்த நம்பர் பிளேட் ஸ்க்ரூ: ஊறவைப்பதா, அறுப்பதா, துளைப்பதா?

செட்டிநாட்டுப் பக்கம் இந்தச் சிக்கல் தினமும் ஓடுகிற வண்டியைவிட நின்று கிடக்கிற வண்டிக்குத்தான் அதிகம். வீட்டுக்காரர்கள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். கார் கானாடுகாத்தானிலோ தேவகோட்டையிலோ ஒரு தகரக் கொட்டகையில் நிற்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்து சித்திரை வெயிலில் காயும். இடையிடையே தொண்டி, ராமேசுவரம் என்று கடற்கரைக்குப் போய்வந்தால் உப்புக் காற்றும் சேரும். செம்மண் புழுதி ஸ்க்ரூ தலைக் காடிக்குள் போய் இறுகிவிடும். பிறகு கல்யாணத்துக்கு முன் பம்பருக்குப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு நாள் ஸ்க்ரூடிரைவரை வைத்தால், ஸ்க்ரூ அசையாது.

வழிகள் பல உண்டு. எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. சிக்கியிருப்பது எந்த இடத்தில்? எதைக் காப்பாற்ற வேண்டும்? இரண்டாவதற்கு விலை வரிசையே பதில். ஸ்க்ரூ சில ரூபாய். பிளேட் அதைவிடப் பெரிது. பம்பரும் டிக்கிக் கதவும் அதைவிடப் பெரிது. முன்பக்கம் பம்பருக்குப் பின்னால் இருக்கிற ஏசி கண்டென்சர் எல்லாவற்றையும்விடப் பெரிது. மலிவானதைப் பலிகொடுத்து விலை கூடினதைக் காப்பாற்றும் வழி எதுவோ அதுவே சரியான வழி. சுத்தியலும் உளியும் எடுத்து ஒரே அடியில் தலையைத் தெறிக்க விடுவது இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. பம்பரில் விழுந்த கீறலுக்குப் பிறகு டிங்கர் பட்டறையில் செலவழிக்க வேண்டும்.

முதலில் ஸ்னாப் லாக்கா என்று பாருங்கள்

2019 ஏப்ரல் 1 முதல் தயாரித்து விற்ற வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட், அதாவது எச்.எஸ்.ஆர்.பி. கட்டாயம். இடது மேல் மூலையில் 20 மி.மீ. சதுரத்தில் அசோகச் சக்கர ஹாலோகிராமும், அதற்குக் கீழே லேசரில் பொறித்த எண்ணும் இருக்கும். இந்த பிளேட்டைப் பிடித்திருப்பது சாதாரண ஸ்க்ரூ அல்ல, ஒருமுறை பூட்டினால் திரும்பக் கழற்ற முடியாத ஸ்னாப் லாக். உருண்டைத் தலையில் காடியே இருக்காது. அது சிக்கிக்கொள்ளவில்லை, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். எண்ணெய் ஊற்றுவதில் பயனில்லை.

இந்த வண்டிகளுக்கு முதல் கேள்வியே வேறு. பிளேட்டைக் கழற்றத்தான் வேண்டுமா? பம்பரைக் கழற்றுவதுதான் வேலை என்றால், பிளேட் பம்பரோடு சேர்ந்தே வந்துவிடும், தொட வேண்டாம். சிறு கீறலுக்கு டச்சப் என்றால் பிளேட்டைச் சுற்றி மாஸ்கிங் டேப் போதும். முழு பம்பர் பெயின்ட் என்றால் லாக்கை உடைத்தே ஆக வேண்டும். அதைக் கம்பெனி டீலரிடம் செய்வது நல்லது, புது லாக்கை அவர்களே போட்டுத் தருவார்கள். வெளியே துளைத்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் இரண்டு சாதாரண ஸ்க்ரூவை முடுக்கிவிடுவது பலரும் செய்கிற வேலைதான். ஆனால் விதிப்படி அது மாற்று ஆகாது. பிளேட் வளைந்து ஹாலோகிராமில் விரிசல் விழுந்திருந்தால் நிமிர்த்திப் பார்க்க வேண்டாம், மாற்று பிளேட்டுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

இனி சொல்வது பழைய வண்டிகளுக்கும், ஸ்க்ரூவோ போல்ட்டோ போட்டு பிளேட் மாட்டியிருக்கிற வண்டிகளுக்கும்.

எங்கே சிக்கியிருக்கிறது?

ஒரு கோணி ஊசியால் காடிக்குள் இருக்கிற மண்ணைக் கிளறி எடுங்கள். பழைய டூத் பிரஷ்ஷில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். செம்மண் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. எண்ணெயை முதலில் அடித்துவிட்டால் மண் களிம்பாகி உள்ளேயே தங்கிவிடும். காடியின் அடி தெரிந்த பிறகு சரியான அளவு ஸ்க்ரூடிரைவரை வைத்து, பின்புறம் இரண்டு தட்டுத் தட்டி உட்கார வைத்து, உள்ளங்கையால் அழுத்தியபடி திருப்புங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்.

டிரைவர் வழுக்குகிறது என்றால் சிக்கல் தலையில், மரை நன்றாகவே இருக்கக்கூடும். டிரைவர் பிடித்திருக்கிறது, ஆனால் ஸ்க்ரூ அசையவில்லை என்றால் சிக்கல் மரையில், அது துரு. ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே மட்டும் வரவில்லை என்றால் பின்னால் இருக்கிற பிளாஸ்டிக் நட்டோ கிளிப்போ சேர்ந்து சுற்றுகிறது. மூன்றுக்கும் ஒரே மருந்தைப் போடுவதால்தான் பாதி ஸ்க்ரூக்கள் கெடுகின்றன.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மாருதி, டொயோட்டா, ஹோண்டா போன்ற ஜப்பானிய வழி வந்த வண்டிகளில் குறுக்குக் காடி ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தர வெட்டாக இருக்கலாம். தலையில் ஒரு சிறு புள்ளி இருந்தால் அது அடையாளம். சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் முழுக்க இறங்காமல் மேலேறி வழுக்கும். சில வண்டிகளில் ஸ்க்ரூவே இல்லை, 10 நம்பர் ஸ்பேனர் போடுகிற எம்6 போல்ட் இருக்கும். அங்கே ஆறு முனை ரிங் ஸ்பேனரோ ஆறு முனை சாக்கெட்டோதான் பயன்படுத்த வேண்டும். ஓபன் ஸ்பேனரும் பன்னிரண்டு முனை சாக்கெட்டும் துருத்தேய்ந்த மூலைகளை உருட்டிவிடும். கொட்டகையில் அம்பாசடர் நிற்கிறது என்றால் அது பிரிட்டிஷ் வழி வண்டி, மரை அங்குலக் கணக்கு. கால் அங்குலம் 6.35 மி.மீ., எம்6 என்பது 6 மி.மீ. பழையதைக் கழற்றிவிட்டு கையில் கிடைத்த எம்6 போல்ட்டைப் போட்டால் ஆடும்.

ஊறவைப்பது

மரை துருப்பிடித்திருந்தால் முதலில் முயல வேண்டியது இதுதான். செலவு குறைவு, எதையும் கெடுக்காது. ஆனால் பொறுமை கேட்கும். இரும்பு துருவாகும்போது பருமன் கூடுகிறது. அந்தப் பருமன் மரைகளுக்கு நடுவே ஆப்பு அடித்ததுபோல் நிற்கிறது. எண்ணெய் துருவைக் கரைப்பதில்லை, நுண்ணிய இடுக்கில் ஊர்ந்து உராய்வைக் குறைக்கிறது, அவ்வளவுதான். அதனால் அடித்ததும் திருப்பினால் ஒன்றும் நடக்காது. மாலையில் ஒருமுறை, படுக்கும் முன் ஒருமுறை, காலையில் திருப்புவது என்று வையுங்கள். ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ தலையில் டிரைவரை வைத்து லேசாகப் பத்துப் பதினைந்து தட்டு. அந்த அதிர்வில்தான் எண்ணெய் உள்ளே போகும்.

டபிள்யூ டி-40 எல்லா இரும்புக் கடையிலும் கிடைக்கும், வேலை செய்யும். அது அடிப்படையில் ஈரத்தை விரட்டச் செய்தது. துருவில் ஊடுருவுவதற்கென்றே விற்கிற ஸ்ப்ரே கிடைத்தால் அது மேல். கியர் ஆயிலும் அசிட்டோனும் கலந்து அடிக்கும் பட்டறை வைத்தியத்தை நம்பர் பிளேட்டில் செய்ய வேண்டாம். அசிட்டோன் பம்பர் பெயின்ட்டைக் கரைக்கும், குரோம் பூசிய ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் பட்டையில் வெடிப்பு விழச் செய்யும்.

முன்பக்கமிருந்து அடிப்பது பாதி வீண், தலையும் பிளேட்டும் சேர்ந்து வழியை மூடியிருக்கும். டிக்கிக் கதவின் உள் அட்டையைக் கழற்ற முடிந்தால் பின்னாலிருந்து மரையின் முனையில் அடியுங்கள். திருப்பும்போது முதலில் அரைக்கால் சுற்று இறுக்கும் திசையிலேயே ஒரு நெட்டு. துருப் பிடி உடைகிற மெல்லிய சத்தம் கேட்டதும் எதிர்த் திசையில் கால் சுற்று, மறுபடி முன்னே, மறுபடி பின்னே. ஒரே மூச்சில் கழற்றினால் துருத் தூள் மரையில் அடைத்து ஸ்க்ரூ நடுவே முறியும்.

ஸ்க்ரூ நேராக பம்பர் பிளாஸ்டிக்கில் இறங்கியிருந்தால் ஊறவைப்பதில் பெரிய பலன் இல்லை. பிளாஸ்டிக் துருப்பிடிக்காது. அங்கே பெரும்பாலும் சிக்கியிருப்பது தலைக்கும் பிளேட்டுக்கும் நடுவில்.

பிடிப்பது, அறுப்பது

தலை வழுக்கினால் எண்ணெயைவிடப் பிடிதான் முக்கியம். வால்வ் கிரைண்டிங் பேஸ்ட்டைக் காடியில் கொஞ்சம் தடவி டிரைவரை அழுத்தினால் வழுக்கல் குறையும். எந்த மோட்டார் பட்டறையிலும் ஒரு விரல் அளவு கேட்டால் கொடுப்பார்கள். தலை பிளேட்டைவிட்டு 2 மி.மீ. எழும்பியிருந்தால் வைஸ் கிரிப் என்ற பூட்டுக் குறடு போதும். தலையின் இரு பக்கமும் கடித்துப் பூட்டி, மெல்லத் திருப்புங்கள். பெரும்பாலும் இப்படியே வந்துவிடும் என்று அனுபவமுள்ள டிங்கர்கள் முதலில் எடுப்பதும் இதைத்தான். தலை தட்டையாக இருந்தால் ஹேக்சா பிளேடால் குறுக்கே ஒரு காடி போட்டு அகலமான தட்டை டிரைவரைப் பயன்படுத்தலாம். காடி தலையின் பருமனில் பாதிக்கு மேல் இறங்கினால் தலை இரண்டாகப் பிளந்துவிடும்.

சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் நல்ல கருவி, இடம் சரியாக இருந்தால். டிக்கிக் கதவின் இரும்புத் தகட்டில் பற்றவைத்த நட்டில் இருக்கும் ஸ்க்ரூவுக்கு அது தகும். பிளாஸ்டிக் பம்பரில் அடி முழுவதையும் பம்பர் வாங்கிக்கொள்ளும், ஸ்க்ரூவுக்கு ஒன்றும் போய்ச்சேராது, கிளிப்புகள்தான் உடையும்.

பிளேட் எப்படியும் மாற்றப்போகிறது, பழையது தேவையில்லை என்றால், எளிதில் தோன்றாத ஆனால் மிகச் சுலபமான வழி ஒன்று உண்டு. பிளேட்டையே வெட்டிவிடுவது. அலுமினியத் தகடு 1 மி.மீ. அளவுதான், தகரக் கத்தரி போதும். ஸ்க்ரூவைச் சுற்றி வெட்டி எடுத்தால் தலைக்குக் கீழே கழுத்து தெரியும், வைஸ் கிரிப்புக்கு நல்ல பிடி கிடைக்கும். பம்பரைத் தொடாமல் வேலை முடியும். வெட்டிய துண்டுகளைத் தெருவில் போடாதீர்கள். எண் படிக்க முடியாதபடி துண்டாக்கிவிடுங்கள்.

துளைப்பது

பிளேட்டையும் காப்பாற்ற வேண்டும், பிடியும் கிடைக்கவில்லை என்றால் தலையை மட்டும் துளைத்தெடுப்பது. முழு ஸ்க்ரூவையும் துளைத்துவிட வேண்டும் என்று நினைப்பதுதான் இங்கே நடக்கிற தவறு. தலை போனால் பிளேட் கழன்று வரும். பிளேட்டும் ஃபிரேமும் இருந்த பருமனுக்கு ஸ்க்ரூ கட்டை வெளியே நீட்டி நிற்கும். அதை வைஸ் கிரிப்பில் பிடித்துத் திருப்பினால் பெரும்பாலும் இலகுவாக வரும், ஏனென்றால் தலையின் இறுக்கம் அப்போது இல்லை.

நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு குழி. 3 மி.மீ. பிட்டில் தலையின் ஆழம் மட்டும். பிறகு ஸ்க்ரூவின் கழுத்து அளவுக்கு, 4.8 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 5 மி.மீ. பிட். பிட்டில் முனையிலிருந்து 5 மி.மீ. தூரத்தில் டேப் சுற்றி வையுங்கள், அதுதான் எல்லைக்கோடு. வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டி, ஒரு சொட்டு எண்ணெய். வேகமாக ஓட்டி லேசாக அழுத்தினால் பிட் கருகும். துருப்பிடிக்காத ஸ்டீல் ஸ்க்ரூ என்றால் மேற்பரப்பு இன்னும் இறுகி, அதன் பிறகு எந்தப் பிட்டும் ஏறாது. அதற்குக் கோபால்ட் பிட் வேண்டும்.

டேப்பை அலட்சியம் செய்பவர்கள்தான் பெரிய பில் கட்டுகிறார்கள். ஸ்க்ரூ தாண்டியதும் டிரில் சட்டென்று முன்னால் பாயும். பின்பக்கம் அங்கே நம்பர் பிளேட் விளக்கு, ரிவர்ஸ் கேமரா வயர்கள். முன்பக்கம் ஹார்ன், கண்டென்சர்.

உடைந்த ஸ்க்ரூவை எடுக்கும் ஈஸி அவுட் கருவியை எம்6-க்குக் குறைந்த ஸ்க்ரூவில் பயன்படுத்த வேண்டாம். அது மிகக் கடினமான எஃகு. உள்ளே முறிந்தால் அதைத் துளைக்க சாதாரண பிட்டால் ஆகாது. இடதுகைப் பிட், அதாவது கழற்றும் திசையில் சுற்றி வெட்டும் பிட், கிடைத்தால் அது நல்லது, துளைக்கும்போதே சில சமயம் ஸ்க்ரூவைக் கழற்றிக்கொண்டு வந்துவிடும்.

துளைத்து முடித்ததும் இரும்புத் தூளை உடனே தண்ணீரடித்துக் கழுவுங்கள். துணியால் துடைத்தால் பெயின்ட்டைக் கீறும், அப்படியே விட்டால் ஓரிரு நாளில் பம்பர் முழுக்கச் செம்புள்ளிகள்.

சுற்றிக்கொண்டே இருக்கிற ஸ்க்ரூ

இதற்கு டிரில் ஆகாது. பிட்டோடு சேர்ந்து ஸ்க்ரூவும் சுற்றும். பிளேட்டுக்குப் பின்னால் ஒரு மரச் சீவலையோ பிளாஸ்டிக் பட்டையையோ நுழைத்து வெளிப்புறமாக நெம்பிக்கொண்டே திருப்பினால், கிளிப் இழுபட்டு இறுகி நிற்கும், ஸ்க்ரூ ஏறி வரும். வெள்ளை நைலான் நட்டின் விளிம்பு தெரிந்தால் மூக்குக் குறடால் பிடிக்கலாம். இரண்டும் முடியவில்லையென்றால் ஹேக்சா பிளேடை மட்டும் தனியே எடுத்து, ஒரு முனையில் துணி சுற்றி, பிளேட்டுக்கும் பம்பருக்கும் நடுவே விட்டுக் கழுத்தை அறுங்கள். பெயின்ட் பக்கம் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் ஒன்றைச் செருகி வைத்தால் பல் படாது.

சூடு காட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். கேஸ் டார்ச் வேண்டவே வேண்டாம். பம்பரின் பாலிபுரோப்பிலீன் 160 டிகிரி பக்கத்தில் உருகும், ஊறவைத்த ஸ்ப்ரே தீப்பிடிக்கும். 60 வாட் சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் சூடு ஸ்க்ரூ வழியாக மட்டும் இறங்கும். யாராவது பசை போட்டு முடுக்கியிருந்தால் அது இளகும். அதற்கு மேல் வேண்டாம்.

பட்டறைக்குப் போவதா என்றால், ஒரு ஸ்க்ரூ முறிந்து பம்பருக்குள் மட்டமாகிவிட்டபோது போவது சரி. அப்போதும் மெக்கானிக்கைவிட டிங்கரிடம் போங்கள். பெயின்ட்டுக்கும் தகட்டுக்கும் நோகாமல் வேலை செய்யும் கை அவர்களுடையது. எந்த வழியாக இருந்தாலும் அன்று மாலை வண்டி எங்கும் போக வேண்டியதில்லை என்று உறுதி செய்துகொண்டு தொடங்குங்கள். பிளேட்டை டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு திருச்சி போவது வம்பை விலைக்கு வாங்குவது.

திரும்ப மாட்டும்போது எந்த ஸ்க்ரூ?

மறுபடி சிக்காமல் இருப்பது இங்கேதான் முடிவாகிறது. அலுமினியத் தகட்டில் வேறொரு உலோகம் தொட்டு, நடுவில் ஈரம் இருந்தால் அரிப்பு நடக்கும். தலையைச் சுற்றி வெள்ளைத் தூள் தெரிந்தால் அதுதான். இந்த அரிமானத்தையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் காரைக்குடியில்தான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த சிக்ரி. அந்த ஊர்க்காரர்கள் ஐந்து பைசா வாஷர் போடாமல் பிளேட்டை மாட்டுவது கொஞ்சம் வேடிக்கைதான்.

துத்தநாகம் பூசிய சாதாரண ஸ்க்ரூ மலிவு. பூச்சு தேய்ந்ததும் துரு தொடங்கும், ஸ்க்ரூடிரைவர் வழுக்கிய இடத்தில் முதலில். பித்தளை ஸ்க்ரூ பார்க்க அழகு, அலுமினியத்துக்கு ஆகாது. செம்புக் கலப்பு அலுமினியத்தை வேகமாக அரிக்கும். நைலான் ஸ்க்ரூ துருப்பிடிக்காது. ஆனால் வெயிலில் நொறுங்கும், நம்மூர் வெயிலில் சீக்கிரமே. துருப்பிடிக்காத 304 ஸ்டீல் ஸ்க்ரூதான் நம் தேர்வு. அதுவும் அலுமினியத்துக்கு வேற்று உலோகம் என்பதால், தலைக்கும் பிளேட்டுக்கும் நடுவே ஒரு நைலான் வாஷர், பிளேட்டுக்குப் பின்னால் இன்னொன்று, மரையில் அரிசியளவு லித்தியம் கிரீஸ். கிரீஸ் இல்லையென்றால் வாசலினும் செய்யும். மரை இறுகாமல் இருக்கத் தடவும் ஆன்டி சீஸ் பேஸ்ட்டில் செம்பு கலந்ததைத் தவிருங்கள்.

டிக்கிக் கதவில் பற்றவைத்த நட் என்றால் எம்6, 16 அல்லது 20 மி.மீ. நீளம். முதலில் கையால் மூன்று சுற்று ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் மரை வெட்டும் எம்6 டேப் கருவியை விட்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள், ஸ்பேனரால் வலுக்கட்டாயம் செய்யாதீர்கள். நட் முழுக்கக் கெட்டிருந்தால், ரிவெட்போல ஓட்டையில் இறுகிக்கொள்ளும் ரிவெட் நட் தகட்டில் நன்றாக நிற்கும், ஸ்டீல் எம்6-க்கு 9 மி.மீ. ஓட்டை.

பிளாஸ்டிக் ஓட்டை பெரிதாகிவிட்டால் ரிவெட் நட் வேண்டாம், அது பிளாஸ்டிக்கில் சுற்றிக்கொண்டு மேலே சொன்ன மூன்றாவது நோயைத் திரும்பக் கொண்டுவரும். ஒரு சுற்றுப் பெரிய ஸ்க்ரூ முதல் தேர்வு, 10 நம்பருக்குப் பதில் 12 அல்லது 14. அதற்கும் மிஞ்சினால் ரப்பர் உடம்புள்ள வெல் நட். முடுக்கும்போது ரப்பர் பின்னால் உப்பிப் பிடித்துக்கொள்ளும். வாங்கிய நட்டின் உடம்பை அளந்த பிறகு ஓட்டை போடுங்கள். சுவரில் ஆணியடிக்கும் பிளக்கை வெட்டிச் செருகுவது பலர் வழக்கம். சில மாதம் தாங்கும், பிறகு பிளேட் தாளம் போடும்.

பிளாஸ்டிக்கில் திரெட் லாக் பசை விட வேண்டாம், பிளாஸ்டிக் வெடிக்கும். இறுக்கம், தலை வாஷரைத் தொட்டதும் கால் சுற்று, அதோடு நிறுத்துங்கள். தகடு வாஷரைச் சுற்றிக் குழிந்தால் அதிகம் முடுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பிளேட்டின் பின்புறம் அதிர்வுக்காக ஃபோம் டேப் ஒட்டும்போது நெட்டுவாக்கில் இரண்டு துண்டு ஒட்டுங்கள். குறுக்கே ஒட்டினால் மழைத்தண்ணீர் அதன்மேல் தங்கி ஸ்க்ரூவையே நனைத்துக்கொண்டிருக்கும். டபுள் சைடு டேப்பை மட்டும் நம்பி பிளேட்டை மாட்டுவது ஒரு வெயில் காலம்கூடத் தாங்காது. முடிந்ததும் இருட்டில் ஹெட்லைட் போட்டு நம்பர் பிளேட் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பின்னால் துளைத்தபோது வயர் அறுந்திருந்தால் அப்போதுதான் தெரியும்.